தீரும் வரை லீவு

அத்தியாயம் பதினொன்று

மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளில் மாப்பிள்ளையைப் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்திய குடும்பம், பாறசாலை வட்டாரத்தில் பொன்னுதாஸின் குடும்பம் ஒன்றாகத்தான் இருக்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. மாப்பிள்ளை சுந்தரதாஸுக்குப் பொய் சொல்ல வராது. பொன்னுதாஸின் மனைவி சாராம்மாவோ அவனுக்கு ஊர் கோட்டயம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுச் சத்தியபாய் காலையிலிருந்தே மதிலோரம் துணி உலர்த்துகிற சாக்கில் நின்றாள். கோட்டயத்தில் எந்த இடம் என்று அவள் ஒரு வார்த்தை கேட்டால் போதும், அவன் கையைத் தூக்கி ஆகாயத்தைக் காட்டிவிடுவான்.

இந்தக் குடும்பத்தோடு ஆரம்பத்திலிருந்தே வருபவர்களுக்கு அவன் யார் என்று தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. போன மழைக்காலத்தில் பனச்சமூட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வந்து இறங்கியவன் அவன். மூக்கை ஒரு பஸ் கண்டக்டரைப் பார்த்து வைத்துக்கொண்டான். கண்ணை, அதே பஸ்ஸில் வேலை முடிந்து வந்த ஒரு நர்ஸைப் பார்த்து வைத்துக்கொண்டான். பெயரை ரோட்டோரத்துக் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸிலிருந்து எடுத்தான். அத்தனை பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்களே, நடப்பில் உள்ள பெயராகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டான்.

பொன்னுதாஸின் மகள் லிஜிக்கு முப்பது தாண்டிவிட்டது. ஆதாரும் சான்றிதழும் எடுத்துக் கொடுக்கும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. அங்கேதான் அவன் ஆதார் எடுக்க வந்தான். மெஷினில் அவன் விரல் பதியவில்லை. துணியால் துடைத்து வைத்தாள், பதியவில்லை. ஈரம் தொட்டு வைத்தாள், பதியவில்லை. நாளைக்கு வாங்க என்றாள். வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். ஒவ்வொரு விரலாகப் பிடித்து அழுத்தி அழுத்திப் பார்த்ததில் ஆதார் கிடைக்கவில்லை, மற்றது நடந்துவிட்டது.

அதற்கு முன் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் உயரத்தைப் பார்த்தார்கள், நிறத்தைப் பார்த்தார்கள், கழுத்தையும் கையையும் பார்த்து மனசுக்குள் எடை போட்டார்கள். காபியைக் குடித்துவிட்டுப் போய், இரண்டு நாள் கழித்து யாரையாவது விட்டு போனில் சொல்ல வைத்தார்கள். சுந்தரதாஸ் எதையும் அளக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தால் திரும்பிப் போகிற வழி மறந்து போகிறது என்று ஒரு நாள் சொன்னான். வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பாள். இவனுக்குத்தான் பொய் வராதே.

அவன் இந்தப் பூமியைச் சேர்ந்தவன் இல்லை என்று வீட்டில் தெரிந்தபோது சாராம்மா முதலில் கேட்ட கேள்வி, அவன் எந்தச் சபை என்பது. பொன்னுதாஸ் கேட்டது, குடிப்பானா. குடிக்க மாட்டான், சாப்பிடவும் மாட்டான், கொஞ்சம் கல்லுப்பும் வெயிலும் போதும் என்றதும் அவர் வேறெதுவும் கேட்கவில்லை. லிஜியின் தம்பி மனு பிளம்பர். விசாவுக்காக எத்தனையோ பேர் காலைப் பிடித்து அலுத்தவன். அவன் கேட்டது, அங்கே ஆள் எடுக்கிறார்களா என்று.

இப்படியாக, அவன் வேற்று உலகத்தவன் என்பதை விட்டுவிட்டு மற்றெல்லாவற்றையும் வாரக்கணக்காகப் பேசித் தீர்த்த பிறகுதான், தன்னுடைய ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை லிஜியைப் பார்க்க வருகிறார்கள் என்று அவன் போன வாரம் வந்து சொன்னான்.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்து ஓட்டமும் நடையுமாக வந்த சாராம்மா, மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீன் குழம்பு வைத்து, கோழியையும் அடுப்பில் ஏற்றினாள். சாப்பிடாத ஆட்களுக்கு எதற்கு இதெல்லாம் என்று லிஜி கேட்டாள்.

"திங்காட்டா போறாவ. மீன் மணம் வரல்லன்னா சத்தியபாய் என்ன நெனப்பா?" என்றாள் சாராம்மா.

அம்மா ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தாள். ஆள் எங்கிருந்து வந்தாலும் சரி, அது நாம் அவர்களுக்குச் செய்கிற தயவு. ஊரும் சபையும் சொந்தமும் இல்லாதவனுக்குப் பெண் கொடுக்கிறோம். அவர்கள் நன்றியோடு இருக்க வேண்டும். இதை அவள் வாரம் முழுக்கச் சொல்லிச் சொல்லி, அந்த வீட்டில் இரண்டு பேருக்காவது நம்பிக்கை வரும்படி செய்திருந்தாள். லிஜி சேலை உடுத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது, இத்தனை வருடத்தில் முதன்முறையாகச் சேலைப் பின்னை ஒரே தடவையில் குத்திக்கொண்டாள். வருகிறவர்கள் பவுன் கேட்க மாட்டார்கள். நிறம் கேட்க மாட்டார்கள். அவர்களுக்கு நிறம் என்று ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகம்.

மத்தியானம் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் ஒரே முகம்.

அந்த முகத்தை லிஜிக்குத் தெரியும். பனச்சமூட்டிலிருந்து வருகிற வழியில் ஒரு நகைக்கடை விளம்பரப் பலகை உண்டு. அதில் கழுத்து நிறையப் போட்டுக்கொண்டு சிரிக்கிற கல்யாணப் பெண்ணின் முகம் அது. தோட்டத்தில் இறங்கி நடந்து வந்தவர்கள் முதலில் கண்ட பெரிய முகம் அதுவாக இருந்திருக்கும். பலகையில் படம் இடுப்போடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே அவர்கள் ஆட்டோக்காரரைப் பார்த்து முடித்திருந்தார்கள். மேலே பட்டும் பவுனும், கீழே காக்கிப் பேண்டும் ரப்பர் செருப்புமாக மூன்று கல்யாணப் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். ஆட்டோக்காரர் தன் காலையும் அவர்கள் காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாடகை கேட்காமலேயே வண்டியைத் திருப்பினார்.

மதிலுக்கு அப்பாலிருந்து சத்தியபாய் சாராம்மாவைப் பார்த்தாள்.

"கோட்டயத்துல இப்ப இதாக்கும் ஃபேஷன்," என்றாள் சாராம்மா. சொல்லிவிட்டு அவர்களை அவசரமாக உள்ளே கூட்டிப் போனாள்.

ஆனால் உள்ளே போனதும் அவள் குரல் மாறிவிட்டது. அத்தனை பவுனை அவள் அவ்வளவு கிட்டத்தில் கண்டதில்லை. நன்றியோடு இருக்க வேண்டியவர்களுக்குத் தானே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஒருவர் குனிந்தபோது அந்த நகைகள் அசையவில்லை என்பதை லிஜி கவனித்தாள். அவை உடம்போடு சேர்ந்தவை. கழற்ற முடியாத தங்கம். அம்மாவிடம் அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

நடுவில் உட்கார்ந்தவர்தான் பெரியவர். சுந்தரதாஸின் உலகத்தில் தாய் என்று ஒருவர் இல்லை, ஒவ்வொருவருக்கும் பொறுப்பாக ஒருவர் உண்டு. மாமி என்று வைத்துக்கொள்ளலாம் என்று லிஜி வீட்டில் சொல்லியிருந்தாள். மாமியும் மற்ற இரண்டு பேரும் வருகிற வழியில் ரயில்வே ஸ்டேஷனில் அரைப் பகல் உட்கார்ந்து நம் பேச்சைப் படித்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

"யாத்ரக்காருடெ சிரத்தைக்கு," என்று, பயணிகளின் கவனத்துக்குச் சொல்கிற ரயில் அறிவிப்புக் குரலில் மாமி ஆரம்பித்தார். தாங்கள் வந்து சேர்ந்துவிட்டதாகவும், தாமதத்துக்கு வருந்துவதாகவும் சொன்னார். விளம்பரப் பலகையின் சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே இருந்தது. அந்த முகத்துக்குச் சிரிப்பைத் தவிர வேறு தெரியாது.

சாராம்மா உப்புப் பரலைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். அவர்கள் ஆளுக்கு ஒரு பரல் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்கள். பிறகு மாமி லிஜியைக் கிட்டே கூப்பிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தார். டாக்டர் பிடிப்பது மாதிரி விரல் வைத்து, கொஞ்ச நேரம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"எப்போ தீரும்?" என்றார்.

கேள்வி சாராம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. கல்யாண ஏற்பாடுகளைக் கேட்கிறார்கள்.

"ஓணம் கழிஞ்ச உடனே தீந்திரும்," என்றாள் பெருமையோடு. "இப்பவே பாதி தீந்தாச்சு. மீதியும் நாங்க நல்லா அலங்காரமா தீத்துத் தருவோம். கொறச்சல் ஒண்ணும் வராது."

மாமி மணிக்கட்டை விட்டுவிட்டார். மற்ற இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் வந்து லிஜியின் தலையை மெதுவாகத் தடவிக் கொடுத்தார். அவ்வளவு சீக்கிரமா என்று மாமி கேட்டார். பெற்றவர்களே இதை இத்தனை தைரியமாகச் சொல்வதைத் தாங்கள் எங்கும் கண்டதில்லை என்றும் சொன்னார்.

"அம்மா," என்றாள் லிஜி. "அவிய கல்யாணத்தக் கேக்கல்ல. என் ஆயுசக் கேக்காவ."

ஆனால் சாராம்மா அவ்வளவு எளிதில் தோற்கிறவள் இல்லை. ஒரு நிமிடத்தில் சுதாரித்துக்கொண்டு, தங்கள் குடும்பத்தில் யாரும் எண்பதுக்குக் குறைந்து போனதில்லை என்றும், தன் அம்மாவின் தங்கை தொண்ணூறிலும் கண்ணாடி இல்லாமல் வேதம் வாசித்தவள் என்றும் எடுத்துச் சொன்னாள். வேறு வீட்டில் பவுனைச் சொல்கிற குரலில் சொன்னாள்.

"எண்பது," என்றார் மாமி. மற்ற இருவரையும் பார்த்தார். "அது பரவாயில்லை. அவ்வளவு லீவு தர அதிகாரம் நம்ம கையிலேயே உண்டு. மேலிடத்துக்குப் போக வேண்டாம்."

பிறகு எழுந்து நின்று, அறிவிப்புக் குரலிலேயே, தங்களுக்குத் தடை ஒன்றும் இல்லை என்று சொன்னார். பையனுக்கு லீவு அனுமதித்தாயிற்று. இவள் தீர்கிற வரைக்கும். தீர்ந்ததும் அவன் வேலைக்குத் திரும்பலாம். அவனுடைய இடத்தில் வேறு ஆளைப் போடக்கூடத் தேவையில்லை, அதற்குள் வந்துவிடுவான்.

சாராம்மா அழுதாள். சந்தோஷத்தில்தான். எத்தனை பேர் வந்து காபி குடித்துவிட்டுப் போன வீடு. ஒரு குறையும் சொல்லாமல், ஒன்றும் கேட்காமல் சம்மதம் என்று சொன்ன முதல் ஆட்கள் இவர்கள். மனுவுக்கும் தாங்க முடியவில்லை. அவன் கூட்டுக்காரர்கள் கல்ஃபில் இரண்டு வருடத்துக்கு ஒரு மாதம் லீவு வாங்க முதலாளி காலில் விழுகிறார்கள்.

"பெண்ணு ஆயுசு முழுக்க லீவு. எந்தக் கம்பெனி தரும், சேச்சி?" என்றான். அப்படியே மாமியின் பக்கம் திரும்பி, அங்கே பிளம்பிங் வேலைக்கு ஆள் தேவை உண்டா, ஓவர்டைம் எப்படி என்று விசாரிக்கத் தொடங்கினான்.

லிஜி நின்ற இடத்தில் நின்றாள். உயரத்தை அளந்தவர்களிடம் அவளுக்குக் கோபம் வந்ததுண்டு. நிறத்தைச் சொன்னவர்களிடம் வெறுப்பு வந்ததுண்டு. அவர்களெல்லாம் அவளைப் போதாது என்றுதான் சொன்னார்கள். பரவாயில்லை, சீக்கிரம் முடிந்துவிடும் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

அந்த அறையில் அவள் முகத்தைப் பார்த்தவர் பொன்னுதாஸ் மட்டும்தான். கிணறு வெட்டுகிற ஆள். அதிகம் பேச மாட்டார். எழுந்து வந்து மகளின் காதருகே குனிந்தார்.

"நீ அவங்கிட்டப் போய்ப் பேசு, மக்கா. நான் இவியளப் பாத்துக்கிடுதேன்."

பின்னறையில் சுந்தரதாஸ் ஜன்னலடியில், வெயில் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தான். எப்போதும் போடுகிற அந்த நீலச் சட்டைதான். அவளைக் கண்டதும் அவனுடைய நர்ஸ் கண்கள் மலர்ந்தன. மாமி சம்மதித்துவிட்டாரா என்று கேட்டான். ஆமாம் என்றாள். அவன் சந்தோஷப்பட்டான். அது உண்மையான சந்தோஷம் என்பதுதான் அவளுக்கு வலித்தது.

கதவைச் சாத்திவிட்டு அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

"நான் உனக்கு எவ்வளவு நேரம்?"

அவன் யோசித்தான். அவளுக்குப் புரிகிற மாதிரி ஒன்றைத் தேடினான்.

"நீ சென்டர்ல மத்தியானம் சோறு உண்ணுற நேரம் உண்டில்லா, அவ்வளவு," என்றான். "நல்ல நேரம் அது. எனக்குப் பிடிக்கும்."

சென்டரில் அவள் சாப்பிடுவது எப்படி என்று அவளுக்குத்தானே தெரியும். கவுண்டரில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, டிபன் பாக்ஸை மடியில் திறந்து, பாதியில் மூடுவாள். ஆள் வந்தால் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுவாள். என் பிறப்பும் படிப்பும், இத்தனை பேர் முன்னால் போய் நின்றதும், இனி இவனோடு வாழப்போவதும், கிழவியாகிப் படுக்கையில் கிடக்கப் போவதும், எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். அதை அவன் பிடிக்கும் என்கிறான்.

அவளுக்கு அப்போது ஏன் அந்தக் கேள்வி தோன்றியது என்று தெரியவில்லை. லீவு அனுமதிப்பதில் மாமிக்கு இருந்த பழக்கம் காரணமாக இருக்கலாம். புதிதாக ஒரு காரியம் செய்கிறவர் அவ்வளவு சாதாரணமாகப் பேச மாட்டார்.

"இதுக்கு முன்ன லீவு எடுத்திருக்கியா?"

"உண்டு."

"எங்க?"

"இஞ்சதான். உதியன்குளங்கரை."

ஆள் யார் என்று கேட்டாள். அவன் மறைக்கவில்லை. மினி என்றான். ரோட்டோரம் வீடு, முன்னறையில் தையல் மெஷின்.

மினி அக்காவை லிஜிக்கு நன்றாகத் தெரியும். பிளஸ் டூ படிக்கும்போதிலிருந்து அவளிடம்தான் துணி தைக்கக் கொடுக்கிறாள். மினியின் கணவனைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். கல்யாணம் கழிந்து கொஞ்ச வருடத்தில் துபாய்க்குப் போனான், பிறகு தகவல் இல்லை. அங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்பார்கள் சிலர். ஜெயிலில் கிடக்கிறான் என்பார்கள் சிலர். மினி இரண்டையும் மறுத்ததில்லை. இந்தப் பக்கத்தில் போய்த் திரும்பாத ஆண்களுக்குப் பஞ்சமில்லை என்பதால் ஊரும் அதிகம் கேட்கவில்லை.

"மினிக்கா தீரல்லியே," என்றாள் லிஜி. தன் வாயில் அந்த வார்த்தை வந்ததை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. "நல்லாத்தானே இருக்காவ."

"அவ தீரல்ல. லீவு தீந்துது."

"எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"நீ கேக்கல்ல."

அது உண்மை. அவள் கேட்கவில்லை. அவனுக்குப் பொய் வராது என்பதையே பெரிதாக நினைத்து, அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்று இருந்துவிட்டாள்.

திரும்பி வந்த பிறகு மினியைப் போய்ப் பார்த்தானா என்று கேட்டாள். பார்த்தேன் என்றான். இறங்கிய மறுநாளே போனான். முகம் வேறாக இருந்ததால் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டை தைக்கணுமா என்று கேட்டாள். ஆமாம் என்றான். அளவெடுத்தாள். ஒரு வாரம் கழித்துப் போய் வாங்கிக்கொண்டான். இதுதான் அந்தச் சட்டை.

சுந்தரதாஸுக்குக் கண்ணீர் கிடையாது. வருத்தம் வந்தால் கழுத்தோரம் வெள்ளையாக உப்புப் பூக்கும். இப்போது பூத்தது. முன்பெல்லாம் லிஜி தன் சேலைத் தலைப்பால் அதைத் துடைத்து விடுவாள். இன்று துடைக்கவில்லை. எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"வா," என்றாள்.

பின்வாசல் வழியாகத்தான் போனார்கள். ஆனால் சத்தியபாய்க்கு மதில் இரண்டு பக்கமும் உண்டு. மாப்பிள்ளை இவர்தானா என்று லிஜியிடம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவனிடமே கேட்டாள்.

"கோட்டயத்துல எங்கயாக்கும்?"

"கோட்டயம் இல்ல," என்றான் அவன். கையைத் தூக்கி நேர் மேலே காட்டினான். "அங்க."

சத்தியபாய் அவன் விரல் போன திசையைப் பார்த்தாள். வாரம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தது கிடைத்த மாதிரி அவள் முகம் தெளிந்தது.

"ஹைரேஞ்ச் மலையா? அதை அப்பமே சொல்லியிருக்கலாமே சாராம்மா," என்று முன்பக்கம் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனாள்.

மற்றொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் வழி முழுக்கச் சிரித்திருப்பார்கள். இன்று லிஜி ரோட்டைப் பார்த்து வண்டியை ஓட்டினாள். மெயின் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், இரண்டு மாநிலத்து வண்டிகளும் ஒன்றையொன்று முந்தப் பார்த்துக்கொண்டிருந்தன. பின்னால் அவன் எடையே இல்லாமல் உட்கார்ந்திருந்தான். பாதி வழியில் போன் அடித்தது. ஓரமாக நிறுத்தி எடுத்தாள். அம்மா. ஓணம் கழிந்து முதல் ஞாயிறு என்று தேதி குறித்தாயிற்றாம். மாமிக்கு முழுச் சம்மதமாம். மனுவுக்குக்கூட அங்கே ஏதோ பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாராம். இந்த நேரத்தில் நீ எங்கே போனாய் என்று கேட்டாள்.

"வாறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு லிஜி போனை வைத்தாள்.

மினியிடம் என்ன கேட்க வேண்டும் என்று அவள் யோசிக்கவே இல்லை. சண்டை போடப் போகிறாளா, மன்னிப்புக் கேட்கப் போகிறாளா என்பதும் தெரியவில்லை. அந்தச் சட்டைக்கு அளவெடுத்த கையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது.

உதியன்குளங்கரையில் ரோட்டுக்குச் சற்று உள்ளே அந்த வீடு. ஞாயிற்றுக்கிழமையானாலும் முன்னறைக் கதவு திறந்திருந்தது. மினி மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து யாருடையதோ சுடிதாருக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மெலிந்த உடம்பு, கழுத்தில் அளவு டேப். ஐம்பது வயது இருக்கும். லிஜியைக் கண்டதும், பிளவுஸ் அவசரமா என்று கேட்கத்தான் வாயெடுத்தாள். அதற்குள் வாசலில் நின்றவனைப் பார்த்துவிட்டாள்.

மெஷின் நின்றது.

மினி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தாள்.

"சட்டை தோளுக்குப் பாகமாத்தான் இருக்குது," என்றாள்.

லிஜிக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. "உங்களுக்குத் தெரியுமா, அக்கா?"

"அளவெடுத்தப்பவே தெரியும், பிள்ளே. முகத்த மாத்தினாரு, தோள மாத்தல்ல. இந்தத் தோளுக்கு நான் எத்தனை சட்டை தச்சிருக்கேன்."

"பின்ன, கேக்கல்லியா?"

"நான் எதுக்குக் கேக்கணும்? இத்தனை வருஷம் கழிஞ்சு வந்திருக்காரு, வாய் தொறந்து சொல்லட்டும்னு ஒரு வாரம் சட்டைய வச்சிட்டு இருந்தேன். வந்தாரு. போட்டுப் பாத்தாரு. நல்லாருக்குன்னாரு. போனாரு."

"நல்லாத்தான் இருந்துது," என்றான் சுந்தரதாஸ். அவன் கழுத்தில் உப்பு சட்டைக் காலர் வரை இறங்கியிருந்தது.

மினி அவன் பக்கம் திரும்பவில்லை. மெஷினில் இருந்த துணியை எடுத்து, ஓரம் கசங்காமல் மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். அவள் கை எப்போதும்போல நிதானமாகத்தான் இருந்தது. லிஜி சண்டை போட வந்திருந்தாலும் அங்கே போட இடம் இல்லை. மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலை மினி அவள் பக்கமாகத் தள்ளினாள். அளவு கொடுக்க வருகிற பெண்கள் உட்கார்ந்து காத்திருக்கிற ஸ்டூல் அது. லிஜி உட்கார்ந்தாள்.

வீட்டில் ஆட்கள் வந்திருக்கிறார்களா என்று மினி கேட்டாள். ஆமாம் என்றாள் லிஜி.

"மூணு பேருக்கும் ஒரே முகமா?"

"நகைக்கடை போர்டுல உள்ள கல்யாணப் பெண்ணு."

"எங்க வீட்டுக்கு சோப்புப் பெட்டியில உள்ள பொம்பளையா வந்தாவ," என்றாள் மினி. "எங்க அப்பன் நெலத்துல நிக்கல்ல. இப்பேர்ப்பட்ட ஆட்கள் நம்ம வீட்டுப் படி ஏறினாவளேன்னு பாயாசம் வச்சாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு அடுத்ததைக் கேட்டாள்.

"உனக்கு எத்தனை நாள் லீவு தந்திருக்காவ?"

"நான் தீர்ற வரைக்கும்னு சொன்னாவ."

மினி தலையை ஆட்டினாள்.

"எனக்கும் அப்பிடித்தான் சொன்னாவ," என்றாள்.

லிஜி சுந்தரதாஸைப் பார்த்தாள். அவன் இல்லை என்று சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாள். பொய் வராதவன் அதை மறுக்கவில்லை. பிறகு, அங்கே ஆள் குறைவாகிவிட்டது, கூப்பிட்டார்கள், லீவை ரத்து செய்துவிட்டார்கள் என்று மெதுவாகச் சொன்னான். ரத்து செய்தவர் யார் என்று லிஜி கேட்டாள். இப்போது வீட்டில் நடுநாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்தான் என்றான்.

"அவளுக்கு அது தெரியாது," என்று மினியைக் காட்டிச் சொன்னான். "அவ கேக்கல்ல."

மினி எழுந்தாள். அவசரப்படவில்லை. மெஷினின் சுவிட்சை அணைத்தாள். கழுத்திலிருந்த டேப்பை எடுத்துச் சுருட்டி வைத்தாள். உள்ளே போய் முகத்தைக் கழுவிவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி நல்ல சேலை. கதவைச் சாத்திப் பூட்டி, இழுத்துப் பார்த்தாள்.

"அவிய இப்ப உங்க வீட்டுலதானே இருக்காவ?"

"ஆமா."

"வண்டிய எடு."

லிஜி ஸ்கூட்டரைத் திருப்பினாள். பின் சீட்டில் மினி ஏறி உட்கார்ந்து அவள் தோளில் கை வைத்தாள். மூன்றாவது ஆளுக்கு அதில் இடம் இல்லை. லிஜி அவனைத் திரும்பிப் பார்த்தாள். நீலச் சட்டையோடு அவன் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றிருந்தான்.

"இவரு?" என்று கேட்டாள்.

"நடந்து வரட்டும்," என்றாள் மினி. "அவருக்கு நேரம் உண்டு."